குயிலோன் எங்கே போனான்?

தமிழ்நாட்டில் ஒரு பெண் மேடையேறி நன்றாகப் பாடிவிட்டால் அவருக்குப் பட்டம் தயாராக இருக்கிறது: குயில். முன்னால் ஊர்ப்பெயரோ வட்டாரப் பெயரோ சேர்த்துக்கொண்டால் போதும். இசைக்குயில், கானக்குயில், கிராமியக் குயில், கொங்குக் குயில். கொஞ்சம் கௌரவமான மேடை என்றால் கோகிலம். கோயில் திருவிழா நேரத்தில் ஒட்டுகிற இன்னிசைக் கச்சேரி சுவரொட்டிகளை நின்று படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆண் பாடகர்கள் பக்கம் இந்தப் பறவை வருவதே இல்லை. தியாகராஜ பாகவதர் ஏழிசை மன்னர். சீர்காழி கோவிந்தராஜன் இசைமணி. எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடும் நிலா. ஆண்களுக்கு அரியணை, ரத்தினம், வானம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். பெண்களுக்கு மரக்கிளை.

பெயர் வைப்பதிலும் இதே கதைதான். கோகிலா, கோகிலவாணி, பூங்குயில், குயிலி. பையனுக்குக் குயிலன் என்று பெயர் வைத்தவர்கள் அபூர்வம்.

ஆனால் கூவுகிற குயில் ஆண்.

பங்குனி, சித்திரையில் விடிவதற்கு வெகு முன்பே தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் குரலை ஒரு படி ஏற்றி, உச்சிக்குப் போனதும் சட்டென்று நிறுத்திவிட்டு, மறுபடியும் கீழிருந்து ஆரம்பிக்கிறதே, அது ஆண்குயில். உடம்பெல்லாம் பளபளக்கும் கருப்பு, கண் சிவப்பு. பெண்குயில் பழுப்பு நிறம். மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியும் வரியும். பார்த்தவர்கள் பலர் அது வேறு ஏதோ பறவை என்று நினைத்துவிடுவார்கள். அதன் குரல் 'கிக் கிக் கிக்' என்று படபடவென வெடிக்கும் கத்தல். அந்தக் குரலைச் சொல்லி ஒரு பாடகியைப் பாராட்டினால் அவர் அடுத்த வருஷம் கச்சேரிக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

பறவை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது. இதை வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, நம் கவிஞர்களுக்கு ஆண் எது பெண் எது என்றே தெரியவில்லை' என்று சிரிப்பதும் நெடுநாள் வழக்கம். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு கிடையாது. பழைய ஆட்கள் அந்தக் குரலைச் சரியாகவே கேட்டிருக்கிறார்கள். நாம்தான் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்குள் காதை மாற்றிக்கொண்டோம்.

அதற்கு முன் விலங்கியல்காரர்கள் சொல்லும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கணக்கில் 'பாடும் பறவை' என்பது தனிப் பிரிவு. உலகத்துப் பறவை இனங்களில் ஏறத்தாழ பாதி அதற்குள் அடங்கும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் குரலுறுப்பு இவற்றுக்கு நுட்பமான தசைகளோடு அமைந்திருக்கிறது. பாட்டைப் பெரிய பறவைகளிடம் கேட்டுக் கற்றுக்கொள்கிற திறமையும் உண்டு. குயில் இந்தப் பட்டியலில் இல்லை. காகம் இருக்கிறது. ஆமாம், சாஸ்திரப்படி காகம் பாடும் பறவை, குயில் இல்லை.

யோசித்தால் இது நியாயமாகவே படுகிறது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். குஞ்சு வளர்வதெல்லாம் காக்கையின் சத்தத்துக்கு நடுவே. கேட்டுத்தான் கற்க வேண்டும் என்றிருந்தால் நம் ஊர்க் குயில்கள் அத்தனையும் கரைந்துகொண்டிருக்கும். அதன் கூவல் பிறவியிலேயே வருவது, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் அதில் புது மெட்டும் கிடையாது. உண்மையிலேயே வித்துவான் என்று சொல்லத்தக்க பறவை நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது: கருப்பும் வெள்ளையுமாக வாலை நிமிர்த்திக்கொண்டு வரும் குண்டுக்கரிச்சான். ஒரு மெட்டைப் பிடித்தால் அதை வளைத்து, உடைத்து, நீட்டிப் பாடும். வங்கதேசத்துக்கு அதுதான் தேசியப் பறவை. நம் கவிதைகளில் அதற்குப் பெரிய இடமில்லை. பெயர் காரணமாக இருக்கலாம். 'கொங்குக் குண்டுக்கரிச்சான்' என்று யாருக்கும் பட்டம் கொடுக்க முடியாது.

சரி, பழைய காதுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் மரபுச்சொல் என்று ஒரு பாடம் வரும். மயில் அகவும், கிளி கொஞ்சும், ஆந்தை அலறும், கூகை குழறும், காகம் கரையும், குயில் கூவும். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பட்டியலில் வானம்பாடியைத் தவிர ஒரு பறவைகூடப் 'பாடாது'. கூவுவது என்றால் அழைப்பது. ஏலம் கூவுவார்கள். மீன் கூடையோடு வருபவர் தெருவில் கூவி விற்பார். திருப்பாவையில் தோழியை எழுப்ப வந்தவர்கள் 'கூவுவான் வந்து நின்றோம்' என்கிறார்கள். அழைக்க வந்து நிற்கிறோம் என்று பொருள். கூவுகிறவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கும், கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். குயிலின் உறவுக்காரப் பறவை ஒன்றுக்கு அக்காக்குயில் என்றே பெயர். அதன் குரலில் 'அக்கா, அக்கா' என்று யாரையோ கூப்பிடுவதுதான் நம் மக்களுக்குக் கேட்டிருக்கிறது.

நற்றிணையில் 243ஆம் பாட்டு காமக்கணி நப்பசலையார் பாடியது. பொருள் தேடப் பிரிந்து போக நினைக்கும் காலம், இளவேனில், மாமரத்தோப்பு. அங்கே இருப்பது 'பூங்கண் இருங்குயில்'. பூப்போன்ற கண், கரிய உடம்பு. ஆண்குயிலை இரண்டே சொல்லில் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. அந்தக் குயில் துணையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு பேசுகிறது. சூதாட்டக் காயைப் புரட்டிப் போட்டதுபோல நிலையில்லாத வாழ்க்கை இது. அதற்காக உங்கள் ஆட்களை விட்டுப் போகாதீர்கள், அறிவுள்ளவர்களே என்கிறது. புலவர் போடும் வினை 'கழறுதல்'. இடித்துரைப்பது. பாட்டை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தேன் சொட்டும் குரல் என்று நாம் உருகிக்கொண்டிருக்கும் பறவை அங்கே கிளையில் உட்கார்ந்து போகிறவனைத் திட்டிக்கொண்டிருக்கிறது. விடிகாலைத் தூக்கம் கெட்டவர்களுக்கு இந்த உவமையின் அருமை தெரியும்.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேனிற்காதையில் இளவேனில் வந்து சேர்வதை இளங்கோவடிகள் ஒரு படையெடுப்பாகச் சொல்கிறார். மன்மதன் அரசன், இளவேனில் அவன் துணைவன், பொதியமலைத் தென்றல் தூதன். படை அணிவகுக்கட்டும் என்று கட்டளையை ஊதி அறிவிக்க ஓர் ஆள் வேண்டுமே? அந்த வேலை குயிலுக்கு. அதற்கு அவர் போடும் சொல் 'குயிலோன்'. ஆண்பால் விகுதியோடு, குயிலோன் என்னும் படையுள் படுவோன். சேனையில் காளம் என்னும் ஊதுகொம்பை ஊதுகிறவன்.

இளங்கோவடிகள் காக்கைக் கூட்டையெல்லாம் கவனித்துவிட்டு இப்படி எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. படை என்றால் ஆண் என்கிற எண்ணமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் குரலின் குணத்தை அவர் பிடித்திருக்கிறார். ஏறி ஏறிப் போய் வெடிக்கிற அந்தக் கூவலைக் காளம் என்று கேட்ட காது தவறாகக் கேட்கவில்லை. ஆண்குயில் அங்கே நிஜமாகவே அறிவிப்புத்தான் செய்கிறது: இது என் இடம், நான் இங்கே இருக்கிறேன், பேடையே வா.

அதே காப்பியத்தின் அரங்கேற்று காதையில் 'குயிலுவ மாக்கள்' வருகிறார்கள். குழல், யாழ், முழவு வாசிப்பவர்கள். குயிலுதல் என்றால் வாசித்தல் என்று ஒரு பொருள் பழந்தமிழில் உண்டு. குயிற்றுதல் என்றால் மணியைப் பதித்தல். பறவைக்கும் இந்த வினைக்கும் என்ன உறவு என்று நான் நீதிபதியாக உட்காரப் போவதில்லை. மேடையில் குயில் என்ற ஒலி முதலில் ஒட்டிக்கொண்டது வாய்ப்பாட்டுக்காரியிடம் அல்ல, வாத்தியக்காரர்களிடம் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பக்திப் பாடல்களிலும் குயிலுக்கு வேலை உண்டு. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் பத்துப் பாட்டிலும் குயிலிடம் கேட்பது ஒன்றே: அவன் வரக் கூவாய். அந்தப் பத்தும் ஒரு பேரம்தான். ஒரு பாட்டில் ஆசை காட்டுகிறாள்: பாலும் இனிய சோறும் ஊட்டி வளர்த்த என் கிளியை உனக்குத் தோழியாக்குகிறேன். பத்தாவது பாட்டுக்கு வரும்போது பொறுமை போய்விட்டது: இன்று நாராயணன் வரும்படி நீ கூவாவிட்டால் இந்தச் சோலையிலிருந்தே துரத்திவிடுவேன். மாணிக்கவாசகரும் 'கீதமினிய குயிலே' என்று நயமாகத் தொடங்கி அதே வேலையைத்தான் கொடுக்கிறார். இனிமை ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது, மறுப்பில்லை. ஆனால் குயில் பாடி யாரும் கண்ணை மூடி ரசிக்கவில்லை. போய்க் கூப்பிட்டு வா என்கிறார்கள்.

பெண்ணின் பேச்சைக் குயிலுக்கு ஒப்பிடுவது பழைய காலத்திலேயே உண்டுதான். குயில்மொழி, கிளிமொழி எல்லாம் நிறைய. அங்கேயும் 'மொழி' என்பதைக் கவனிக்கலாம். இசைக்கருவியோடு போட்டிக்கு விட வேண்டும் என்றால் வேறு வழி வைத்திருந்தார்கள். வேதாரண்யத்து அம்மனின் பெயர் யாழைப்பழித்த மொழியாள்.

குயிலுக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. அது முட்டை வழியாக வருவது. காக்கைக் கூட்டில் குயில் முட்டை என்று நாம் சொல்வது பெரும்பாலும் பாராட்டாக இருக்காது. சமஸ்கிருதத்தில் குயிலுக்குப் பரபிருதம் என்றே ஒரு பெயர், பிறரால் வளர்க்கப்பட்டது. காளிதாசனின் சாகுந்தல நாடகத்தில், கர்ப்பிணியாக வந்து நிற்கும் சகுந்தலையை அடையாளம் தெரியாத துஷ்யந்தன் இதை எடுத்து வீசுகிறான். கற்றுத் தராமலே பெண்களுக்கு வஞ்சகம் வரும், பேடைக்குயில் தன் குஞ்சை வேறு பறவைகளைக் கொண்டு வளர்த்துக்கொள்வதைப் பார் என்கிறான். தாய் மேனகை விட்டுப்போக, கண்வரால் எடுத்து வளர்க்கப்பட்டவள் அவள். பறவைகள் காத்து நின்றதால்தான் அவளுக்கு அந்தப் பெயரே வந்தது. இப்படிப்பட்டவளைப் பார்த்து இந்த உவமை. நாடகத்திலேயே கொடூரமான வரி அதுதான் என்பேன். ஒன்று, முட்டையிடுவது பேடைதான் என்பதில் காளிதாசனுக்குக் குழப்பம் இல்லை.

இனி, மாற்றம் எங்கே என்று பார்க்கலாம். 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தார். முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பு, இப்போதும் குயில்தோப்பு என்றுதான் பெயர். குயில் பாட்டு அந்தச் சோலையில் நடக்கிறது. அதில் பாடுவது 'பேடைக் குயில்' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். இன்னும் விசேஷம், அவள் பாட ஆண்குயில்கள் மேனி புல்லரித்து, சக்தி இழந்து கேட்டுக்கொண்டிருக்கின்றன. மற்ற பறவைகள் காலை வேலையை மறந்துவிடுகின்றன. குயிலோன் வாயடைத்து ரசிகர் வரிசையில் உட்கார்ந்த இடம் இது. இங்கேதான் ஒரு மேடை இருக்கிறது, கச்சேரி இருக்கிறது, சபை இருக்கிறது. அப்புறம் அவள் முற்பிறவியில் சின்னக்குயிலி என்ற வேட்டுவப் பெண்ணாக இருந்த கதை, குரங்கு, மாடு என்று எங்கெங்கோ போய், எல்லாம் கனவு என்று முடிகிறது. இதற்கு வேதாந்தப் பொருள் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள் என்று புலவர்களைக் கிண்டலும் செய்துவிட்டுப் போகிறார். அவர் ஆண்குயில்களைத் தனியாக எடுத்துச் சொல்லி உட்கார வைத்ததைப் பார்த்தால், தெரியாமல் செய்ததாக எனக்குப் படவில்லை. (புதுச்சேரி அரசு 2007இல் குயிலையே மாநிலப் பறவையாக அறிவித்தது. பொருத்தம்தான். பாரதிதாசன் நடத்திய பத்திரிகையின் பெயரும் குயில்.)

அதே காலத்தில் வேறொரு பறவையும் கடல் தாண்டி வந்து சேர்ந்தது. இங்கிலீஷ்காரர்களின் நைட்டிங்கேல். இரவிலும் பாடும் பறவை. அதிலும் பாடுவது ஆண்தான், அங்கேயும் கவிஞர்கள் பெண்ணாக்கி வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் கவிதை எழுதிய சரோஜினி நாயுடுவுக்கு அந்தப் பறவையின் பெயர் பட்டமானது. தமிழில் அவர் கவிக்குயில். வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு நாம் எழுதிய பதில். அந்தப் பறவையை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை, அதனால் குயில் அந்த இடத்தில் உட்கார்ந்தது. கூடவே நைட்டிங்கேலின் சோகமும் மென்மையும் குயிலின் தலையில் ஏறின.

ஆனால் தமிழ் மேடையில் முதலில் ஒட்டிய பெரிய பட்டம் மென்மையானது இல்லை. கொடுமுடி கோகிலம். கே.பி.சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். சின்ன வயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவர் என்பார்கள். அங்கிருந்து நாடகக் கொட்டகை. அன்றைக்கு ஒலிபெருக்கி கிடையாது. ராத்திரி முழுக்க நடக்கும் நாடகத்தில் கடைசி வரிசைத் தரைச்சீட்டுக்காரனுக்கும் சாகித்தியம் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். பாடகர்களை ஐந்து கட்டை சுருதியா, நாலரையா என்று சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில்தான் எடைபோட்டார்கள். எஸ்.ஜி.கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்குக் கூடிய கூட்டம் அந்தக் குரல்களுக்காக. 1935இல் பக்த நந்தனார் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். நடித்தது நந்தனாராக, ஆண் வேடத்தில். 1953இல் ஔவையார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

அவர் குரலை இப்போது கேட்டாலும் தெரியும், அது கொஞ்சுகிற குரல் இல்லை. கணீரென்று எழும்பி, மேலே ஏறி, நம்மைப் பார்த்து ஏதோ சொல்லும். ஔவையாராக அவர் பாடினால் முருகனே நின்று கேட்டாக வேண்டும். கொடுமுடிக்கும் கோகிலத்துக்கும் மோனை பொருந்தியதால் வந்த பட்டம்தான். ஆனாலும் குரலோடு இத்தனை பொருந்திய பட்டம் வேறு யாருக்கும் அமையவில்லை என்றே நினைக்கிறேன். குயிலோனின் காளம் அந்தத் தொண்டையில் இருந்தது.

அப்புறம் ஒலிவாங்கி வந்தது. பாடுபவர் கூவ வேண்டியதில்லை. காதோரம் பேசுவதுபோலப் பாடினாலும் கேட்கும். சினிமாப் பாட்டில் பெண் குரல் மேலே மேலே மெலிந்து இழைந்தது. பட்டம் மட்டும் மாறவில்லை, குயில் அப்படியே நின்றது, அதன் பொருள் இனிமை என்ற ஒற்றைச் சொல்லுக்குச் சுருங்கிவிட்டது. 1985இல் பூவே பூச்சூடவா படத்துப் பாட்டுக்குப் பிறகு சித்ராவுக்குச் சின்னக்குயில் என்ற பெயர் நிலைத்தது. அவர் குரலுக்கு மயங்காதவன் இல்லை நான். ஆனால் காட்டுக்குயிலைப் பக்கத்துக் கிளையில் வைத்துக் கேட்டவர்கள் யாரும் அதைச் சின்னது என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு பறவைக்கு மட்டும் தமிழ் பாட்டைப் பெயரிலேயே கொடுத்திருக்கிறது: வானம்பாடி. அதன் கதையும் இப்படித்தான் திரும்பியது. பட்டினப்பாலையின் தொடக்கத்தில், மழை பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்று சொல்ல வந்த உருத்திரங்கண்ணனார், வானத்தைப் பாடி மழைத்துளியையே உணவாகக் கொள்ளும் பறவை வாடிப்போவதைக் காட்டுகிறார். அந்தப் பறவை பாடுவது சோற்றுக்கு. வள்ளலைத் தேடிப் பாடிப்போன பாணரின் நிலைதான் அதற்கும். 1971இல் கோவையிலிருந்து வானம்பாடி இதழ் வந்தபோது பெயரின் பொருள் தலைகீழாகியிருந்தது. யாரிடமும் கையேந்தாமல் உயரத்தில் பறந்து பாடுகிற பறவை. எனக்கு இரண்டும் பிடிக்கும். பசித்த பறவையைக் கொஞ்சம் கூடுதலாக.

குயிலோனுக்கு இன்னும் உத்தியோகம் மிச்சமிருக்கும் ஊர் ஒன்று உண்டு. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான நாள். ஏப்ரல் பிறந்ததும் அங்கே முள்முருங்கை சிவப்பாகப் பூக்கிறதா, குயில் கூவுகிறதா என்று பார்ப்பார்கள். சிங்களத்தில் குயிலுக்குக் கோஹா என்று பெயர், அந்தக் கூவலையே திருப்பிச் சொல்வதுபோல. கோஹா கூவினால் புத்தாண்டு வந்துவிட்டது. துணிக்கடையிலிருந்து பிஸ்கட் கம்பெனி வரை அந்த மாதத்து விளம்பரங்கள் எல்லாவற்றிலும் அந்தச் சத்தத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். குரல் இனிமையா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கூவியாயிற்றா என்றுதான் கேட்கிறார்கள்.